சிந்தாதிரிப்பேட்டைத் தண்ணீர்

இடதுபக்க அடுப்பில் மேடவாக்கம், வலதுபக்க அடுப்பில் சிந்தாதிரிப்பேட்டை. இரண்டையும் சேர்ந்தாற்போலப் பற்றவைத்துவிட்டு தமயந்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒரே டப்பாவிலிருந்து அள்ளிய துவரம்பருப்பு, இதில் ஒரு பிடி, அதில் ஒரு பிடி. ஒரே அளவுப் பாத்திரங்கள். மஞ்சள்தூள் கிடையாது, விளக்கெண்ணெய் ஒரு சொட்டுகூடக் கிடையாது, குக்கர் கிடையவே கிடையாது. குக்கரில் வைத்தால் கருங்கல்கூட நாலு விசிலுக்கு மசிந்துபோனதுபோல நடிக்கும், அதை நம்பி ஒரு இடத்துக்குக் குடி போக முடியுமா என்ன. தண்ணீர் மட்டும்தான் வேறு வேறு. குடி போவதற்காகப் பார்த்துவிட்டு வந்த அந்தந்த வீட்டுக் குழாயில் அவளே பிடித்து, அவளே மூடி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த தண்ணீர். கூடத்தில் ஏகாம்பரம் பேப்பரை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது. ஆலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றாயிற்று, ஆலை கொடுத்த இந்தக் குடியிருப்பு வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மத்தியானம் மகன் கிருபாகரன் போன் செய்வான். அவனிடம் இந்த இரண்டு பெயரில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "இத்தினி வருஷம் கம்பெனி குடுத்த வீட்ல இருந்தாச்சு, இந்தத் தடவை நீ சொல்லு தமயந்தி," என்று ஏகாம்பரம் நேற்று ராத்திரி சாப்பிடும்போது பெரிய மனசு பண்ணிச் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், "உன் பருப்பு என்னா சொல்லுதோ அதான் முடிவு," என்றும் சொல்லிவிட்டார். நீ சொல்லு என்பதற்கும் உன் பருப்பு சொல்லட்டும் என்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று நழுவிப் போனதுபோல அவளுக்கு இருந்தது. என்ன நழுவியது என்று பிடிபடுவதற்குள் அவர் மோர் கேட்டார், அவள் எழுந்து போய்விட்டாள்.

இடது பாத்திரத்தில் முதல் குமிழி வந்தது. வரட்டும், வரட்டும், அது நல்ல பிள்ளை, மேடவாக்கத்தில் எல்லாமே நல்ல பிள்ளைதான். எட்டாவது மாடி, லிப்டுக்குள்ளேயே பாட்டு, தரையில் முகம் பார்க்கலாம், அடுத்த கட்டடத்தில் கிருபாகரன், ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவான், அவன் பெண் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கேயே வந்துவிடும். காற்றுகூட நன்றாகத்தான் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஜன்னல், அதைத் திறந்து ஒரு அம்மாள் இவளைப் பார்த்தாள், இவள் சிரித்தாள், அந்த அம்மாள் திரையை இழுத்துவிட்டாள். பரவாயில்லை, பழகினால் சிரிப்பாளாயிருக்கும். கீழே பார்க்கில் வட்டமாக ஒரு நடைபாதை, எல்லோரும் காதில் எதையோ சொருகிக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், செக்கு மாடு சுற்றினாலாவது கடைசியில் எண்ணெய் கிடைக்கும். "கடை எங்கப்பா இருக்கு?" என்று கேட்டதற்குக் கிருபாகரன் சிரித்தான். "கடையா? எதுக்கும்மா கடை? போன்ல போட்டா பத்து நிமிஷத்துல வாசலுக்கு வந்துரும்." "கொத்தமல்லி?" "அதுவும்தான்." "கிள்ளிப் பாக்காம எப்பிடிப்பா வாங்கறது?" அதற்கும் சிரித்தான். நல்ல பையன், அம்மாவை மூட்டை தூக்க விடக்கூடாது என்று நினைக்கிற பையன். "எங்க போகணும்னாலும் சொல்லும்மா, சனிக்கிழமை நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்." சனிக்கிழமை. மெயின் ரோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டபோது அவன், "நடக்கற தூரம் இல்லம்மா," என்றான். அந்த வார்த்தை மட்டும் அவள் காதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இங்கே குடியிருப்பிலும் அப்படித்தானே. சுற்றி மதில், ஒரு கேட், சந்தைக்குப் போக ஆலை வண்டி, வண்டியில் எல்லா வீட்டுப் பெண்களும், போய் இறங்கினால் திரும்பி ஏறும் நேரத்தை டிரைவர் சொல்லுவார். ஏகாம்பரம் வந்தால் வெளியே, ஏகாம்பரம் வராவிட்டால் உள்ளே. அவர் ஒன்றும் தடுக்கவில்லை. தடுக்காமலேயே முப்பது வருஷம் போய்விட்டது, அதுதான் வேடிக்கை.

வலது பாத்திரம் இன்னும் சும்மா இருந்தது. அந்தப் பக்கத்து பர்னர் எப்போதுமே கொஞ்சம் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு அவள் தீயை ஒரு பொட்டு ஏற்றினாள். ஏற்றினது நியாயமா? நியாயம்தான், பர்னர் செய்கிற தப்புக்கு சிந்தாதிரிப்பேட்டை என்ன செய்யும். அந்த வீட்டுக்குப் போகிற மாடிப்படியே ஒரு ஆள் அகலம்தான், பீரோவை எப்படி ஏற்றுவது என்று ஏகாம்பரம் முதல் படியிலேயே முகத்தைச் சுளித்துவிட்டார். கீழே பைண்டிங் கடை, பசையும் காகிதமும் கலந்து ஒரு புளித்த வாசனை. அதைத் தாண்டினால் கூவம். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அது தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும். தெருவில் மீன்கூடை, மீன்கூடையை உரசிக்கொண்டு ஆட்டோ, ஆட்டோவைத் திட்டிக்கொண்டு சைக்கிள்காரர். வீட்டுக்காரம்மா மங்கையர்க்கரசி தலையில் எண்ணெய் வழிய, "வாம்மா, மாடில பாரு, பால்கனி கீது, தெருவே தெரியும், டிவியே வாணாம்," என்று முன்னால் ஏறினாள். அந்த அம்மாளுடைய தண்ணீர் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. ஏகாம்பரத்துக்கு அது போதும். வீட்டையே பார்க்காமல் மோட்டாரின் முன்னால் குந்திவிட்டார், "ஸ்பேனர் இருக்குதா?" என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் பார்க்காத வீடு ஆயிரம் இருக்கும், பார்க்காமல் விட்ட மோட்டார் ஒன்றுகூட இல்லை. "தண்ணி கொஞ்சம் புடிச்சுக்கட்டுமா, பருப்பு வேக வச்சுப் பாக்கணும்," என்று தமயந்தி பாட்டிலை நீட்டியபோது மங்கையர்க்கரசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புடிச்சுக்கோ. வெந்தா வா. வேவலன்னாலும் வா, ஒரு டீ குடிச்சிட்டுப் போ." இப்படி ஒரு வீட்டுக்காரியை அவள் பார்த்ததில்லை. வெந்தா வா, வேவலன்னாலும் வா. அதைக் கேட்டபோது நெஞ்சில் ஏதோ ஒரு ஆணி கழன்றது. உடனே பயமும் வந்தது, ஏனென்றால் வேகாவிட்டால் என்ன ஆகும் என்பது மங்கையர்க்கரசிக்குத் தெரியாது, தமயந்திக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு வாடகை வீடு. கிணற்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். காலையில் ஏற்றிய பருப்பு மத்தியானம் வரை கொதிக்கும், கொதித்துக் கொதித்துத் தண்ணீர்தான் வற்றுமே தவிர பருப்பு அசைந்து கொடுக்காது. அவளுக்கு அப்போது என்ன தெரியும், தன் கைதான் சரியில்லை என்று நினைத்தாள். மாமனார் உறவுக்காரர்கள் நாலு பேரை அழைத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பாரைக் கரண்டியில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணிச் சாப்பிடலாம் போலிருக்கே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஏகாம்பரமும் லேசாகச் சிரித்தார், லேசாகத்தான். அன்றைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு யாரோ சொல்லி சோடா உப்பு வாங்கினாள், அதை மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள், ஒரு சிட்டிகை போட்டால் எப்பேர்ப்பட்ட பருப்பும் குழைந்துவிடும். ருசி கொஞ்சம் வழவழவென்று போகும், யாருக்கும் தெரியாது, எல்லோரும் சாப்பிட்டார்கள், மாமனார் இரண்டாந்தரம் வாங்கிக்கொண்டார். இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் விஷயத்தை உடைத்தாள். "அடி பைத்தியமே, பருப்பு வேகலன்னா அது தண்ணி செஞ்ச தப்பு, நீ ஏன் அழுத?" பியாட்ரிஸ் புருஷனுக்கு மாற்றல் வந்தபோதெல்லாம் முதலில் பருப்பை மடித்து எடுத்துக்கொண்டு போய் வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாமானைக் கட்டுவாள். குடியிருப்பில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் கணக்கு. ஆண்கள் ரோடு அகலமா, ஸ்கூல் பக்கமா, ஆஸ்பத்திரி எங்கே என்று பேசிக்கொண்டிருப்பார்கள், இவர்கள் ஒரு ஓரமாகப் பருப்பை நசுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள் அல்லது உதட்டைப் பிதுக்குவார்கள். ஆக, வேகாத தண்ணீர் இருக்கிற ஊரில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று தமயந்தி அன்றைக்கே தீர்மானம் செய்திருந்தாள். தீர்மானம் செய்து என்ன, எங்கேயும் போகத்தான் இல்லையே.

"ஆச்சா?" கூடத்திலிருந்து ஏகாம்பரம். "இப்பத்தான் கொதி வந்துது," என்று சொல்லிவிட்டுக் கரண்டியால் இடது பாத்திரத்து நுரையை ஒதுக்கினாள். உள்ளே பருப்பு வாய் பிளந்து, ஓரம் கரைந்து, தண்ணீரை மஞ்சளாக்கிக்கொண்டு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. என்ன அவசரம் இதற்கு. வலதில் எடுத்துப் பார்த்தாள், மணி மணியாக, போட்டது போட்டபடி, எண்ணிச் சாப்பிடலாம் போலிருக்கே. இல்லை, இன்னும் நேரமிருக்கிறது. இந்தப் பருப்பே பழசோ? பழசென்றால் இரண்டும்தானே பழசு. அடியில் கிடந்த பிடி வலதில் விழுந்திருக்கும், அடிப்பருப்பு கொஞ்சம் முற்றினது. தீயை இன்னொரு பொட்டு ஏற்றினாள். தட்டு போட்டு மூடினாள். மூடலாமா? இடதை மூடவில்லையே. மூடினதை எடுத்தாள், மறுபடி மூடினாள், இடதையும் மூடினாள், பாதி மட்டும். யார் பார்க்கிறார்கள் இப்போது, ஆனாலும் கை கூசியது. பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிற பெண்ணுக்கு டீச்சரே அவள்தான், அந்த மாதிரி. எதற்கு இந்தத் தவிப்பு? மேடவாக்கம் வெந்துவிட்டால் நல்லதுதானே. மகன் பக்கத்தில், பேத்தி மடியில், லிப்டில் பாட்டு. யாராவது கேட்டால் பொறாமைப்படுவார்கள். முட்டி வலிக்கிறது, படி ஏற வேண்டாம். எல்லாம் சரி. எல்லாம் சரியென்று சொல்லும்போதே காலுக்கடியில் ரயில் ஓடுவதுபோல இருந்தது. ஆமாம், ரயில். அதை நினைக்கக்கூடாது என்று மூன்று நாளாக வைத்திருந்தாள், நினைக்காமல் இருக்க இருக்க அது உள்ளே ஊறிப் பெரிதாகிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு ஏகாம்பரம் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டார், மங்கையர்க்கரசி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள், வீட்டைக் காட்ட வந்த தரகர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தமயந்தி, "எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நிஜமாகவே எலுமிச்சம்பழம் வாங்கத்தான் இறங்கினாள். பைண்டிங் கடையில் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இன்னாம்மா, மாடிக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். "பாக்கறோம்," என்றாள். அந்தத் தெருவில் நாலு அடி வைப்பதற்குள் ஒரு ஆள் விசாரித்தாயிற்று. அப்புறம் கறிவேப்பிலைக்காரி, அப்புறம் டீக்கடை, அப்புறம் ஒரு சந்து, அது எலுமிச்சம்பழத்துக்குப் போகாமல் ஒரு பெரிய தூணுக்குப் போயிற்று. தூணுக்கு மேலே தடதடவென்று ரயில். வானத்தில் ரயில் போவதை அவள் ஆலை வண்டியிலிருந்து பார்த்திருக்கிறாள், அதன் காலடியில் நின்று பார்த்ததில்லை. படி இருந்தது, ஏறினாள். முட்டி வலித்ததா? நினைவில்லை. கவுண்டரில், "எங்க?" என்று கேட்டார்கள், அவளுக்குத் திக்கென்றது. எங்கே? இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை, எல்லா டிக்கெட்டையும் அவர்தானே எடுப்பார். சுவரில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன, அடுத்த பெயரைப் படித்தாள், "சேப்பாக்கம்," என்றாள், கடைசி எழுத்து வருவதற்குள் குரல் உடைந்துவிட்டது. ரயில் வந்தது, ஏறினாள், ஒரு ஜன்னல் அவளுக்காகவே காலியாக இருந்தது. கீழே கூவம், மேலேயிருந்து பார்த்தால் பாவம் அதுவும் ஒரு ஆறுதான், வெயிலில் மினுக்கிக்கொண்டு போனது. எதிரே ஒரு பெண் பூக்கட்டிக்கொண்டு வந்தாள், இவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது எவ்வளவு இன்பமாக இருந்தது, யாருக்கும் இவள் ஏகாம்பரம் வீட்டம்மா இல்லை, கிருபாகரன் அம்மா இல்லை, ஜன்னலோரத்தில் ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். சேப்பாக்கத்தில் இறங்கினாள். நடைமேடை ஓரமாக நின்றாள். கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்று நீலம் தெரிந்தது, கடலா வானமா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்னொரு நாள் வரலாம், நடந்தே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியதும் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வாய்க்கு வந்துவிட்டது. தனியாக நின்று சிரித்தாள். அடுத்த ரயிலில் திரும்பி வந்தாள். ஏகாம்பரம் அப்போதுதான் மோட்டாருக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். "எலுமிச்சம்பழம் எங்க?" என்றார். "நல்லா இல்ல," என்றாள். அதோடு சரி. பேருந்தில் வரும்போது தண்ணீர் பாட்டில் மடியில் குளிர்ந்துகொண்டே வந்தது, அவள் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

கேட்டின் மணி அடித்தது, யார் வீட்டுக்கோ சிலிண்டர். தமயந்தி இடது பாத்திரத்தின் தட்டை எடுத்தாள். வெந்துவிட்டது. கரண்டியால் தொட்டால் மாவு, குழைந்து, மஞ்சளாக, அடங்கி, ஒரு குறை சொல்ல முடியாது. அந்த அடுப்பை அணைத்தாள். வலது பாத்திரத்தின் தட்டை எடுத்தாள். ஒரு பருப்பை எடுத்து ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். அது நசுங்காமல் வழுக்கிக்கொண்டு போய் அடுப்பு மேடையில் தெறித்தது. மீஞ்சூர். அதே மீஞ்சூர். காதுக்குள் நாலு பேர் சிரித்தார்கள். சரி, முடிந்தது, பருப்பு சொல்லிவிட்டது, மேடவாக்கம், சனிக்கிழமை கார். இன்னும் ஐந்து நிமிஷம் வைத்துப் பார்க்கலாமா, கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமா, அவர் வந்து பார்ப்பதற்குள் ஒருவேளை... கை மேலே போனது. எதற்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. மஞ்சள்தூள் டப்பாவை நகர்த்தி, அதன் பின்னால் இருந்த சின்ன டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, சோடா உப்பை ஒரு சிட்டிகை கிள்ளி, பாத்திரத்தின் ஆவிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. போட்டால் போதும், நிமிஷத்தில் குழைந்துவிடும், சிந்தாதிரிப்பேட்டையும் வெந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், இரண்டும் வெந்தது, இனி உங்கள் இஷ்டம். விரல்களுக்கு நடுவில் வெள்ளைப் பொடி. தமயந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவி விரலைச் சுட்டது. ஏன்டி இந்தத் திருட்டுத்தனம், யாருக்காக? மேடவாக்கத்துப் பருப்பு வேகாமல் போயிருந்தால் இந்தக் கை மேலே போயிருக்குமா? போயிருக்காது. சத்தியமாகப் போயிருக்காது. அப்பாடா என்று அடுப்பை அணைத்திருப்பாள். கை அவளுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டது, மூன்று நாளாக வாய் சொல்லாததை. பிடித்த வீட்டுக்குக்கூடப் பருப்பிடம் சிபாரிசு கேட்டு, அது மறுத்தால் அதற்கும் பொடி போட்டு ஏமாற்றி, எதற்கு, எனக்கு அந்த வீடு வேண்டும் என்ற நாலு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்கா? முதலில் ஆத்திரம் வந்தது, பிறகு சேப்பாக்கத்தில் வந்த அதே சிரிப்பு வந்தது. சிட்டிகையைத் தொட்டியில் உதறினாள். குழாயைத் திறந்து விரலைக் கழுவினாள், நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியோடு வந்து நின்றார். "என்னா சிரிப்பு? வெந்துச்சா?" பதிலுக்குக் காத்திராமல் இடதில் ஒரு பருப்பை எடுத்து நசுக்கினார், தலையை ஆட்டினார். வலதில் எடுத்து நசுக்கினார், அது அவர் விரலிலிருந்தும் தெறித்து ஓடியது. "இது கல்லு. அப்ப மேடவாக்கம்தான்." சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"பருப்பு மேடவாக்கம்னு சொல்லுது," என்றாள் தமயந்தி. "நான் சிந்தாதிரிப்பேட்டைன்னு சொல்றேன்."

அவர் நின்றார். "தண்ணி உப்பு தமயந்தி. மீஞ்சூர்ல நீ பட்டது மறந்துபோச்சா?"

"மறக்கல. குடிக்க, சமைக்க கேன் போட்டுக்கலாம். அங்க எல்லாரும் அப்பிடித்தான வாழறாங்க."

"படி ஏறணும்."

"ஏறுவேன்."

"கூவம் நாறும்."

"நாறட்டும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், பிரித்த மோட்டாரில் ஒரு சாமான் மிச்சமாகிவிட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "அப்பிடி என்னாதான் இருக்குது அங்க?"

"அன்னிக்கு நான் எலுமிச்சம்பழம் வாங்கப் போகல," என்றாள். "ரயில்ல போனேன். சேப்பாக்கம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல."

வலது பாத்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டார்.

"எடுத்தேன். போக ஒண்ணு, வர ஒண்ணு."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று அவள் நிச்சயப்படுத்திக்கொள்வதற்குள் கூடத்தில் போன் அடித்தது. எப்போதும் அவர்தான் எடுப்பார், இப்போதும் பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழிவிட்டார். தமயந்தி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய் எடுத்தாள். "என்னம்மா, பருப்பு என்ன சொல்லுது?" என்றான் கிருபாகரன், குரலில் கேலி வழிந்தது.

"சிந்தாதிரிப்பேட்டைப் பருப்பு வேகலப்பா. கல்லு மாதிரி இருக்குது."

"அப்ப முடிஞ்சுதுல்ல? நான் மேடவாக்கத்துக்குச் சொல்லிடவா?"

"இருப்பா," என்றாள். ஜன்னலுக்கு வெளியே மதில் தெரிந்தது, மதிலுக்கு அப்பால் கேட். "எனக்குச் சிந்தாதிரிப்பேட்டை வீடுதான் வேணும்."

அந்தப் பக்கம் அவன் ஏதேதோ சொன்னான், அம்மா என்றான், முட்டி என்றான், சனிக்கிழமை என்றான். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், நல்ல பையன். அவன் மூச்சு விட்டபோது, "சனிக்கிழமை நீ வராத," என்றாள். "குழந்தையைப் பாக்க நானே ரயிலேறி, பஸ் மாறி வரேன்."